மூன்றாம் நாளுக்கு மட்டும் பணம் கொடுக்கலாம்

போன மாதம் மட்டும் மூன்று பேர் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார்கள்: "அக்கா, நீங்க போயிட்டு வந்தீங்களே அந்த ட்ரெய்னிங், எங்க ஆளையும் அனுப்பலாமா?" ஒருவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஒருவர் ஃபீனிக்ஸ், மூன்றாமவர் மொரிஷியஸ். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கூட்டுறவுக் கடன் சங்கங்களில் வேலை பார்ப்பவர்களுக்கான அந்த ஐந்து நாள் பயிற்சியைப் பற்றி எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில், ஒரு சின்ன சேமிப்பு-கடன் கூட்டுறவுச் சங்கத்தில் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். என்னையும் சேர்த்து மூன்று பேர், ஒரு இரும்புப் பெட்டி, இரண்டு கம்ப்யூட்டர், நானூறு உறுப்பினர்கள். கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன்னால் தென்காசிப் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஆறு வருஷம் எழுத்தராக இருந்தேன். நகைக்கடன், பயிர்க்கடன், உர மூட்டைக் கணக்கு எல்லாம் பார்த்த கை. அதனால் கடன் பேரேடு எனக்குப் புதிதில்லை என்ற திமிர் கொஞ்சம் உண்டு. அந்தத் திமிர் எப்படி இறங்கியது என்பதும் கீழே வரும்.

பயிற்சி நடத்திய கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், எதற்கு வம்பு. இதே மாதிரி பாடத்திட்டத்தைப் பல பேர் விற்கிறார்கள். அதனால் எதை வாங்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்பதற்கு இது போதும்.

2024 ஆகஸ்ட். ஐந்து நாள். கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டல் ஹாலில். ஆளுக்கு 7,400 ராண்ட், மதியச் சாப்பாடு உள்பட. பார்க்கிங் தனி, அதை முதல் நாள் மாலை வண்டியை எடுக்கும்போதுதான் சொன்னார்கள். நானும் எங்கள் கவுன்டரில் இருக்கும் பெண்ணும் போனோம். மொத்தம் 14,800. எங்கள் மாதிரிச் சங்கத்துக்கு இது சும்மா வரும் பணம் இல்லை.

ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை. இந்த நாட்டில் முதலாளிகள் சம்பளப் பட்டியலில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகிறார்கள். பயிற்சித் திட்டத்தை ஏப்ரல் 30க்குள் தாக்கல் செய்தால் கட்டியதில் 20 சதவீதம் திரும்ப வரும். வங்கித் துறைக்கு அதைப் பார்ப்பது பேங்க்செட்டா என்ற அமைப்பு. ஆனால் ஊழியர்கள் எல்லாருக்கும் சேர்த்து வருஷச் சம்பளம் 5 லட்சம் ராண்டுக்குக் கீழே இருந்தால் வரியே கிடையாது. நாங்கள் அந்த ரகம். கட்டுவதும் இல்லை, திரும்ப வருவதும் இல்லை. தனியாக விண்ணப்பித்து மானியம் வாங்கலாம், அதற்கான படிவத்தை நிரப்பவே ஒரு பயிற்சி வேண்டும். முன்பு கூட்டுறவு வங்கிகளை வளர்ப்பதற்கென்றே சிபிடிஏ என்ற அரசு அமைப்பு இருந்தது. பயிற்சி கொடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. நாங்கள் போய்வந்த பிறகு, 2024 அக்டோபர் 1ஆம் தேதி, அதைச் சிறுதொழில்களுக்கான அரசு நிறுவனங்களோடு இணைத்து செட்ஃபா என்ற ஒரே அமைப்பாக ஆக்கிவிட்டார்கள். எப்படியோ, நாங்கள் கைக்காசு போட்டுத்தான் போனோம்.

முதல் நாள் கடன் சங்கங்களின் வரலாறு. ஜெர்மனியில் முன்னோடி ரைஃபைசன், கனடாவின் கியூபெக்கில் 1900இல் சங்கம் தொடங்கிய தேஜார்தான், அப்புறம் தென்னாப்பிரிக்காவின் 2007ஆம் வருஷத்துக் கூட்டுறவு வங்கிச் சட்டம். 200 உறுப்பினர்களும் 10 லட்சம் ராண்ட் டெபாசிட்டும் வந்துவிட்டால் அந்தச் சட்டம் நம் கதவைத் தட்டும் என்பதை எல்லாரும் குறித்துக்கொண்டோம். ரைஃபைசன் பெயர் வந்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. 1890களில் மதராஸ் அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை இதையெல்லாம் பார்த்து அறிக்கை எழுதச் சொன்னது, அதன் தொடர்ச்சியாக 1904இல் சட்டம் வந்தது, அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கினார்கள், தஞ்சாவூரில் அவர் பெயரிலேயே இன்றும் ஒரு கூட்டுறவு வங்கி இருக்கிறது என்று கை தூக்கிச் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். உடனே டீ இடைவேளை விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் நாள் பணமோசடித் தடுப்பு. இங்கே ஃபிக்கா சட்டம் என்பார்கள். இந்த நாளுக்குத்தான் எனக்குக் கோபம். 2022 டிசம்பர் 19 முதல் கடன் கொடுப்பவர்கள் எல்லாருமே அந்தச் சட்டத்தின் பொறுப்புப் பட்டியலில் வந்துவிட்டோம். அந்த வருஷம் நவம்பரிலேயே ரொக்க வரம்பை 24,999.99 ராண்டிலிருந்து 49,999.99க்கு உயர்த்தியாகிவிட்டது. அதற்கு மேல் ரொக்கம் வந்தால், போனால், மூன்று வேலை நாளுக்குள் நிதிப் புலனாய்வு மையத்துக்குத் தகவல் போக வேண்டும். கையேட்டைத் திறந்தால் 24,999.99 என்றே இருக்கிறது! அச்சடித்து எத்தனை வருஷமோ. கை தூக்கினேன். பாடம் எடுத்த பையன், "கையேட்டில் உள்ளபடி போவோம்" என்றான். போனில் மையத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பார்த்தான், நன்றி சொன்னான், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டான். அதிலும் 24,999.99.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நிதிப் புலனாய்வு மையமே இணையத்தில் இலவசமாகப் பாடம் வைத்திருக்கிறது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஃபிக்காவின் 43ஆம் பிரிவு, கொடுத்ததற்கு ஆதாரம் ஃபைலில் இருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு எங்கள் பெண்ணை அந்த இலவசப் பாடத்தில் உட்காரவைத்தேன். கவுன்டரில் கூட்டமில்லாத மதியங்களில், இரண்டு வாரத்தில் முடித்தாள். காசு கொடுத்துக் கேட்டதைவிட இதில் அதிகம் புரிந்தது என்றாள். 2023 பிப்ரவரியில் இந்த நாடு, பணமோசடித் தடுப்பில் குறையுள்ள நாடுகளின் சாம்பல் பட்டியலில் விழுந்ததிலிருந்து இந்தப் பயிற்சி விற்பவர்களுக்கு நல்ல காலம். 2025 அக்டோபரில் பட்டியலிலிருந்து வெளியே வந்தாகிவிட்டது, கடமை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டாம் நாளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள். இதற்குத்தான் இவ்வளவு பீடிகை.

அன்று வந்தது வேறு ட்ரெய்னர். ஜுலு அம்மா, ஐம்பத்தைந்து வயதிருக்கும், பதினைந்து வருஷம் ஒரு சங்கத்தைத் தானே நடத்தியவர். ஸ்லைடு எதுவும் போடவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே மின்னஞ்சலில் அவரவர் சங்கத்தின் கடன் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பெயர்கள் வேண்டாம், மீதித் தொகையும் எத்தனை மாதம் தவணை தவறியது என்பதும் போதும். இருபது பேரில் ஏழு பேர்தான் கொண்டுவந்திருந்தோம். மற்றவர்களுக்கு ஒரு மாதிரிக் கணக்கைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டார்.

"உங்களிடம் தவணை தவறிய கடன் எவ்வளவு?" என்று கேட்டார். நான் பெருமையாக, "2 சதவீதத்துக்கும் கீழே" என்றேன். கடன் மொத்தம் 24,80,000 ராண்ட். வராமல் போன தவணைகளைக் கூட்டினால் 41,000. வகுத்துப் பாருங்கள், 1.65. அந்த அம்மா என் தாளை வாங்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்து, தவறிய தவணை என்ற கட்டத்தை மேலிருந்து கீழே ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் இருந்த கடன் மீதி என்ற கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டார். "இந்த ஆள் 30,000 பாக்கி வைத்திருக்கிறார், நாலு மாதமாக ஆளைக் காணோம். உனக்குப் பயம் அந்த நாலு தவணைக்கா, 30,000க்கா?"

அவ்வளவுதான். தவணை தவறியவரின் முழு மீதியையும் கூட்ட வேண்டும். கூட்டினேன். ஒரு மாதம் முதல் 12 மாதம் வரை தவறியவர்களின் மீதி 1,64,000. 12 மாதத்தைத் தாண்டியவை 96,000. மொத்தம் 2,60,000, அதாவது 10.5 சதவீதம். உலகக் கடன் சங்கங்களின் பேரவையான வோக்கு வைத்திருக்கும் பேர்ல்ஸ் அளவுகோலில் இது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நான் இரண்டு மடங்கு தாண்டி உட்கார்ந்துகொண்டு பெருமை பேசியிருக்கிறேன்.

பேர்ல்ஸ் என்பது பாதுகாப்பு, நிதி அமைப்பு, சொத்தின் தரம், வருவாய்-செலவு, ரொக்க இருப்பு, வளர்ச்சி என்று ஆறு பக்கத்திலிருந்து சங்கத்தைப் பார்க்கும் முறை. நாற்பதுக்கும் மேலே விகிதங்கள் உண்டு. எல்லாவற்றையும் அன்று தொடவில்லை, தொடாததுதான் நல்லது. முதல் இரண்டை மட்டும் எடுத்தார். 12 மாதத்தைத் தாண்டிய கடனுக்கு முழுத் தொகையையும் வாராக்கடன் ஒதுக்கீடாக, அதாவது கடன் திரும்பாமல் போனால் ஈடுகட்டும் பணமாக, எடுத்து வைக்க வேண்டும். அதற்குக் குறைவானதற்கு 35 சதவீதம். எனக்குக் கணக்கு இப்படி வந்தது: 96,000, அதோடு 1,64,000இல் 35 சதவீதமான 57,400, ஆக 1,53,400. எங்கள் புத்தகத்தில் இருந்த ஒதுக்கீடு 60,000. துண்டு விழுவது 93,400.

தென்காசியில் ஆறு வருஷம் "தவணை தவறிய பாக்கி" என்ற தலைப்பில் மாதாமாதம் பட்டியல் எழுதியவள் நான். அங்கே முக்கால்வாசி நகைக்கடன். பெட்டியில் நகை இருக்கும், ஏலம் விட்டால் பணம் வரும், ராத்திரி தூக்கம் வரும். இங்கே ஜாமீன் கையெழுத்தை நம்பிக் கொடுக்கிறோம். கையெழுத்தை உரைகல்லில் உரசிப் பார்க்க முடியாது. அந்த வித்தியாசம் இத்தனை வருஷம் என் மண்டையில் ஏறவே இல்லை.

மதியத்துக்கு மேல் அந்த அம்மா வேறு ஒன்று செய்தார். "உங்களால் யாருக்கு 'முடியாது' என்று சொல்லவே வராதோ, அந்த ஆளை ஒரு சீட்டில் எழுதுங்கள்" என்றார். பெயர் வேண்டாம், உறவு போதும். நான் எழுதியது: நிர்வாகக் குழு உறுப்பினரின் மருமகன். அந்த அம்மாவே அந்த மருமகனாக நடித்து என் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். சமையலறை கட்ட வேண்டுமாம், 80,000 வேண்டுமாம், மாமா சொல்லி அனுப்பினாராம். நான் பேச ஆரம்பித்தேன். முடித்ததும் விரல்களை மடக்கிக் காட்டினார். ஒரு நிமிஷத்தில் ஐந்து தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட முடியாது என்று சொல்லவில்லை. "இந்த ஆள் வீட்டுக்குப் போய், கடன் கிடைத்துவிட்டது என்றுதான் மனைவியிடம் சொல்வான்" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. உம்லாசியிலிருந்து வந்திருந்த அண்ணன் ஒருவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடுத்தது அவர் முறை, அவர் சீட்டில் எழுதியிருந்தது அவருடைய பாஸ்டர்.

அப்புறம் எப்படி மறுப்பது என்று அந்த அம்மா செய்து காட்டினார். கால்குலேட்டரை உறுப்பினர் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, பள்ளிக் கட்டணம், ஏற்கெனவே இருக்கும் கடன், எல்லாவற்றையும் அவர் விரலாலேயே தட்டவைக்க வேண்டும். மிச்சம் எவ்வளவு என்பதை அவர் வாயாலேயே படிக்கவைக்க வேண்டும். இது தந்திரம் மட்டுமில்லை, சட்டமும் கூட. தேசியக் கடன் சட்டப்படி, திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்க்காமல் கொடுப்பது பொறுப்பற்ற கடன். நீதிமன்றம் அதைத் தள்ளுபடிகூடச் செய்யலாம். மறுத்ததற்குக் காரணம் கேட்டால் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதனால் காரணத்தை அன்றே படிவத்தில் எழுதிவிடு, கேட்ட பிறகு யோசிக்காதே என்றார்.

நான்காம், ஐந்தாம் நாட்களைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. தொலைநோக்கு, தலைமைப் பண்பு, வேகாத ஸ்பகெட்டியை வைத்துக் கோபுரம் கட்டுவது. எங்கள் குழுவின் கோபுரம்தான் உயரம். அதனால் சங்கத்துக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

கவுன்டர் பெண்ணைக் கூட்டிப்போனது என் தப்பு. விளம்பரத்தில் "ஊழியர்களுக்கும் மேலாளர்களுக்கும்" என்று போட்டிருந்தது. ஐந்து நாளில் கவுன்டர் வேலைக்கென்று ஒதுக்கியது ஒரே ஒரு மணி நேரம். அவளுக்கு வேண்டியது கள்ள நோட்டு பார்ப்பது, அடையாள அட்டை சரிபார்ப்பது, வரிசையில் சத்தம் போடும் தாத்தாவைச் சமாளிப்பது. மூன்றாம் நாளில்கூட அவள் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லாததால் வேடிக்கைதான் பார்த்தாள். அவள் நோட்டின் கடைசி நாலு பக்கத்தில் தங்கச்சி கல்யாணத்துக்கான பிளவுஸ் டிசைன் இருந்தது. நன்றாகவே வரைந்திருந்தாள். அவளுக்குப் பதில் பொருளாளரைக் கூட்டிப்போயிருக்க வேண்டும்.

சர்டிபிகேட் கதையையும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் தேசியத் தகுதிச் சட்டகத்தின் கிரெடிட் கிடைக்கும் என்று இருந்தது. எங்கள் பெண் மேலே படிக்க நினைக்கிறாள், அதனால்தான் அவளையும் சேர்த்தேன். கையில் வந்ததோ வெறும் கலந்துகொண்டதற்கான சான்று. இது போன்ற பழைய தகுதிப் படிப்புகளில் புதிதாகச் சேர்வதற்குக் கடைசித் தேதி 2024 ஜூன் 30 என்று நாடு முழுக்க வைத்திருந்தார்கள். நாங்கள் சேர்ந்தது ஆகஸ்டில். பணம் வாங்கும்போது அவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? மின்னஞ்சல் போட்டேன், மறுபடி போட்டேன், நாலு மாதம் கழித்து "வருந்துகிறோம்" என்று ஒரு வரி வந்தது. நீங்கள் சேர்வதாக இருந்தால், எந்தத் தகுதி, அதன் எண் என்ன, தொழில் தகுதிகளைக் கவனிக்கும் க்யூசிடிஓ அமைப்பில் பதிவாகியிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

திரும்பி வந்து நிர்வாகக் குழுவில் 1,53,400 என்ற எண்ணை வைத்தேன். தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, போன வருஷம் ரெண்டு சதவீதம்னு நீதானே சொன்னே?"

"நான்தான் அங்கிள் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

அந்த வருஷ உபரி 1,10,000. அதில் 70,000 ஈவுத்தொகையாகக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தோம். 93,400 ஒதுக்கீட்டுக்குப் போனால் மிச்சம் 16,600, ஈவுத்தொகை கிடையாது. இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்களுக்கு நானே விளக்க வேண்டும் என்று தள்ளிவிட்டார்கள். ஒரு ஆன்ட்டி எழுந்து, "எனக்கு வர வேண்டிய 175 ராண்டை யார் தின்னது?" என்று கேட்டார். பென்சில் கோடு போட்ட அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன், வரிசை வரிசையாகக் கொடுத்தேன். ஆன்ட்டி அதை வாங்கி விசிறிக்கொண்டார். ஆனால் ஓட்டு ஒதுக்கீட்டுக்குத்தான் போட்டார்.

மருமகனும் வந்தார், பயிற்சி முடிந்து ஒரு மாதத்தில். 80,000தான், சமையலறைதான், அப்படியே. கால்குலேட்டரைத் திருப்பி வைத்தேன். அவரே தட்டினார், மிச்சம் 640 ராண்ட் என்று அவரே படித்தார். ஒரு தடவைதான் மன்னிப்புக் கேட்டேன், அதுவும் பேனா எழுதாததற்கு. இன்றுவரை கோயிலில் என்னைப் பார்த்தால் தூணைப் பார்க்கிறார்.

மொரிஷியஸ் தங்கைக்குத் தனியாக ஒன்று. இங்கே நான் எழுதிய ராண்ட் வரம்பு, 43ஆம் பிரிவு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கிரெடிட் யூனியன்கள் 2016ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழே, கூட்டுறவுப் பதிவாளரின் கண்காணிப்பில் இருக்கின்றன. பணமோசடித் தடுப்புக்கு 2002ஆம் வருஷச் சட்டம். பயிற்சிக்கென்று நைஸ் என்ற தேசியக் கூட்டுறவு நிறுவனமும் உங்களிடம் உண்டு, முதலில் அங்கே கேளுங்கள். பேர்ல்ஸ் கணக்கு மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். உங்கள் கடன் பட்டியலை எடுத்து, மேலே நான் போட்ட அந்த இரண்டு வரியைப் போட்டுப் பாருங்கள், ஒரு காசு செலவில்லை. ஆப்பிரிக்கா முழுக்கவுள்ள மேலாளர்களுக்கு நைரோபியில் இருக்கும் அக்கோஸ்கா அமைப்பும் பயிற்சிகள் நடத்துகிறது. போய்வந்தவர்கள் நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள். விமான டிக்கெட்டைக் கேட்டால் எங்கள் தலைவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைப்பார்.

இந்த வருஷப் பயிற்சிக்கான அறிவிப்பு போன வாரம் வந்தது. அதே ஓட்டல், விலை மட்டும் 7,900. எங்கள் பொருளாளரை மூன்றாம் நாளுக்கு மட்டும் அனுப்புகிறேன், அந்த அம்மா வருவது உறுதியென்றால் 1,800 தருகிறேன் என்று எழுதினேன். ஒரு நாளை மட்டும் தனியாக விற்பதில்லை என்று பதில் வந்தது. 2,000 என்று திருப்பி எழுதியிருக்கிறேன்.